'செவ்விந்தியர்' என்று எழுதலாமா? அமெரிக்க முதற்குடிகளும் அவர்களின் பெயர்களும்

[திரையில்: அரிசோனா மாநில வரைபடம். வடகிழக்கு மூலை மட்டும் நிறம் மாறுகிறது.]

வணக்கம். இந்த வரைபடத்தில் பெரிதாக விரிந்து கிடப்பது நவஹோ மக்களின் நிலம். அதன் நடுவே, நாலாபுறமும் நவஹோ நிலமே சூழ, சின்னக் கட்டம்போலத் தெரிவது ஹோப்பி மக்களின் நிலம். அதற்குள்ளும் போய்ப் பார்ப்போம். ஒரு பாறை மேட்டின் உச்சியில் ஹானோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் முன்னோர் டேவா மக்கள். 1680இல் கிழக்கே அடுத்திருக்கும் நியூ மெக்சிகோவின் பியூப்லோ மக்கள், டேவாக்களும் அவர்களில் ஒரு பிரிவு, ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து விரட்டினார்கள். 12 ஆண்டுகளில் ஸ்பானியர் திரும்பி வந்தார்கள். அந்தக் கலக்கத்தில் கிழக்கேயிருந்து தப்பி வந்தவர்களுக்கு ஹோப்பிகள் இடம் கொடுத்தார்கள். 300 ஆண்டுகள் கடந்த பிறகும் அந்த மேட்டில் டேவா மொழி ஒலிக்கிறது.

ஒரே இடத்தில் மூன்று மக்கள், மூன்று மொழிகள். நாம் படித்த புத்தகங்கள் பலவும் இவர்கள் எல்லோரையும் 'செவ்விந்தியர்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டன. அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 1492இல் ஆசியாவின் கரையைத் தொட்டுவிட்டதாக நம்பிய கொலம்பஸ் கொடுத்தது 'இந்தியர்'. தோலின் நிறத்தை வைத்து ஒட்டவைத்தது 'செ'. ஒரு மாலுமியின் பிழையால் நம் நாட்டின் பெயர் அவர்கள் தலையில் ஏறியது. தமிழில் எழுதும் நமக்கு இதைத் திருத்தும் பொறுப்பு கூடுதலாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, எப்படி வகைப்படுத்துவது?

மானிடவியலாளர்கள் நிலத்தையும் வாழ்க்கை முறையையும் வைத்துப் பிரித்தார்கள்: ஆர்க்டிக், பெரும் சமவெளி, தென்மேற்கு என்று பண்பாட்டு வட்டாரங்கள். மொழியியலாளர்கள் மொழிக் குடும்பங்களை வைத்துப் பிரித்தார்கள். 1891இல் ஜான் வெஸ்லி பவல் மெக்சிகோவுக்கு வடக்கே மட்டும் 58 மொழிக் குடும்பங்களைக் கணக்கிட்டார். 1987இல் ஜோசப் கிரீன்பெர்க் இரு கண்டங்களின் மொழிகளையும் மூன்றே குடும்பங்களுக்குள் அடக்கப் பார்த்தார். துறை வல்லுநர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

[திரையில்: ஹோப்பி ஊரின் கல் வீடுகள். பக்கத்தில் மூன்று அம்புக்குறிகள்.]

இந்த இரண்டு வழிகளும் எவ்வளவு மாறுபடும் என்பதை அதே அரிசோனா மேட்டில் நின்றே பார்த்துவிடலாம். கல்லாலும் மண்ணாலும் அடுக்கடுக்காக வீடு கட்டி, மக்காச்சோளம் பயிரிட்டு ஊராக வாழ்ந்தவர்களை ஸ்பானியர் 'பியூப்லோ' என்றார்கள். ஸ்பானிய மொழியில் அதற்கு 'ஊர்' என்றுதான் பொருள். வீட்டையும் வயலையும் பார்த்தால் எல்லோரும் ஒரே கூட்டம். வாயைத் திறந்தால் நான்கு வேறு குடும்பங்கள். ஹோப்பி மொழிக்கு உறவு தெற்கே, ஆஸ்டெக்குகளின் நாவாட்ல் மொழியோடு. நியூ மெக்சிகோவின் ஸுனி மொழிக்கு உறவு என்று நிறுவப்பட்ட மொழி எதுவும் இல்லை. அங்கேயே பேசப்படும் கெரெஸ் ஒரு தனிக் குடும்பம். டேவா இன்னொன்றைச் சேர்ந்தது. சுற்றியிருக்கும் நவஹோ மொழிக்குப் பக்கத்தில் அப்பாச்சி மொழிகள் உறவு; மற்ற உறவினர்களில் பெரும்பாலோரைத் தேட அலாஸ்காவுக்கும் வடமேற்குக் கனடாவுக்கும் போக வேண்டும். ஆகவே யாராவது ஒரு வகைப்பாட்டைக் காட்டினால், எதை வைத்துப் பிரித்தது என்று முதலில் கேளுங்கள்.

பெயர்களின் கதை இன்னும் சிக்கலானது. பல மக்களின் பெயர்கள் அண்டை வீட்டார் வைத்தவை. 'நவஹோ' என்பது டேவா மொழியில் வயல்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'டினே', அதாவது 'மக்கள்'. ஹோப்பிகளை அமெரிக்க அரசு வெகுகாலம் 'மோக்கி' என்று எழுதியது. ஹோப்பி மொழியில் அது சாவைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கும். உங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையில் அப்படி ஒரு சொல்லை எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? ஹோப்பிகளின் முன்னோரைத் தொல்லியலாளர்கள் 'அனசாஸி' என்றார்கள். அதுவும் நவஹோ சொல். 'பகைவரின் முன்னோர்' என்று பொருள் படும். இப்போது 'பியூப்லோ முன்னோர்' என்று எழுதுவது வழக்கமாகியிருக்கிறது. ஹோப்பிகள் 'ஹிசட்சினோம்' என்கிறார்கள்.

1986இல் 'பாபகோ' மக்கள் அதிகாரபூர்வமாகத் 'தொஹோனோ ஓதம்' ஆனார்கள்: பாலைவன மக்கள். ஆனால் சொந்தப் பெயர் எது என்பதும் வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்லக்கூடியதில்லை. 2017இல் 'டினே நாடு' என்று பெயர் மாற்றும் தீர்மானம் நவஹோ மன்றத்துக்கு வந்தபோது, உறுப்பினர்களே அதைத் தோற்கடித்தார்கள். 'இந்தியர்' என்ற சொல்லும் அப்படித்தான். ஒப்பந்தங்களும் சட்டங்களும் அந்தச் சொல்லில் இருப்பதால், அமெரிக்காவில் பலர் அதை உரிமையோடு வைத்திருக்கிறார்கள். 1944இல் அவர்களே தொடங்கிய அமைப்பின் பெயர் அமெரிக்க இந்தியர் தேசியக் காங்கிரஸ்.

கனடாவில் நிலைமை வேறு. 1982 அரசியல் சட்டம் மூன்று பிரிவுகளைச் சொல்கிறது: இந்தியர், இனுயிட் (வடதுருவப் பகுதி மக்கள்), மெட்டி (முதற்குடிகளும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்தவர்கள்). முதலாவதை இன்று 'முதல் நாடுகள்' என்கிறார்கள். அந்தப் பெயருக்குள் இனுயிட்டும் மெட்டியும் அடங்க மாட்டார்கள். தெற்கே லத்தீன் அமெரிக்காவில் 'இந்தியர்' என்பதற்கான 'இந்தியோ' பல நாடுகளில் வசைச்சொல். பிரேசில் அரசின் முதற்குடி நிறுவனமே 2023இல் தன் பெயரிலிருந்து அதை நீக்கியது. பொலிவியாவின் 2009 அரசியல் சட்டம் 36 முதற்குடி மொழிகளைப் பெயர் சொல்லி ஆட்சிமொழி ஆக்கியது.

[திரையில்: தமிழில் பெயர்கள் ஒவ்வொன்றாக.]

நான் கடைப்பிடிப்பது இது. எந்த மக்கள் என்று தெரிந்தால் அந்தப் பெயர்: ஹோப்பி, லகோட்டா, மாபுச்சே. பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'அமெரிக்க முதற்குடி மக்கள்'. 'பழங்குடி'யைத் தவிர்க்கிறேன், நம் நாட்டு அரசுப் பட்டியலின் பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எழுத்திலும் கவனம் வேண்டும். 'நவஜோ' என்று எழுதாதீர்கள், ஒலி 'நவஹோ'. 'எஸ்கிமோ' வேண்டாம்; 1977இல் அலாஸ்காவில் கூடிய வடதுருவ மாநாடு 'இனுயிட்' என்ற பெயரை ஏற்றது. ஆனால் அலாஸ்காவின் யூபிக் மக்கள் இனுயிட் இல்லை, அவர்களையும் அதற்குள் தள்ளிவிடாதீர்கள். ஒருவர் என்றால் 'இனுக்', பலர் என்றால் 'இனுயிட்'. 'இனுயிட்கள்' என்று எழுதினால் பன்மைக்கு மேல் பன்மை.