ஒரு பிறந்தநாள், மூன்று இத்தாலியச் சாப்பாடு

வணக்கம்ங்க. நான் கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு ஃபவுண்டரி வைத்திருக்கிறவன். பம்ப்புக்கு வார்ப்படம் ஊற்றிக் கொடுப்பது வேலை. அப்படிப்பட்டவனைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் வீட்டம்மாவுக்கு ஐம்பது வயது ஆனதை மூன்று முறை கொண்டாடிவிட்டு, அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் காரணம்.

மூன்று முறை எதற்கு என்றால், நட்சத்திரப் பிறந்தநாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது, இங்கிலீஷ் தேதி அதற்கு ஆறு நாள் தள்ளி வந்தது, பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் வந்து சேர்ந்ததோ அதற்கும் அப்புறம் வந்த சனிக்கிழமை. ஹால் பிடிக்கலாமா என்று கேட்டேன். "கேக்கை மூஞ்சில பூசி, போட்டோ புடிச்சு, ஆறிப்போன பிரியாணியத் தின்னுட்டு வர்றதுக்கு நான் வர்லீங்க" என்று சொல்லிவிட்டாள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஏழெட்டு மேசைக்கு மேல் இல்லாத இத்தாலியக் கடைகள் இப்போது முளைத்திருக்கின்றன. இத்தாலியில் இந்த மாதிரி குடும்பமாக நடத்துகிற கடையை 'திராத்தோரியா' என்பார்கள். அங்கேதான் போகலாம் என்று முடிவானது.

முதல் நாள் என் அம்மாவும் வந்தார். அம்மா பிறந்தது வெள்ளலூர். "இத்தாலிக்காரன் சோறு நமக்கெதுக்குங்கண்ணு" என்று வழியெல்லாம் ஒரே பேச்சு. உங்க ஊர் மண்ணைத் தோண்டியபோது ரோமானிய வெள்ளிக்காசு குவியலாகக் கிடைத்தது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தக் காலத்திலேயே நமக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு, காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைத்த பெரில் என்கிற பச்சைக்கல்லுக்கு அவர்கள் அலைந்தார்கள் என்றெல்லாம் எடுத்துவிட்டேன். "காசு குடுத்தான், சரி. அதுக்காக அவன் வேகாத சேமியாவத் தின்னோணுமா?" என்றார், பாஸ்தாவை ஒரு வாய் வைத்துவிட்டு.

வேகாதது இல்லை, வேண்டுமென்றே அந்தப் பதம். 'அல் தெந்தே' என்றால் பல்லுக்கு ஏற்ற பதம், கடித்தால் நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும். துரம் என்கிற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்வதால்தான் அது குழையாமல் நிற்கிறது. அம்மா கேட்கிற ஆள் இல்லை. பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு, "ஏஞ்சாமி, இன்னொரு கொதி உட்டுக் கொண்டாறயா?" என்றார். அவனும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்தான். விரத நாளில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அசல் பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற உறை. சைவ சீஸ்தானா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டோம்.

இரண்டாவது சாப்பாடு நாங்கள் இரண்டு பேர் மட்டும், வேறொரு கடை, விறகடுப்பு பீட்சா. இங்கேதான் என் தொழில்புத்தி வேலையைக் காட்டிவிட்டது. நேப்பிள்ஸ்காரர்கள் பீட்சா சுடுவதை ஒரு கைத்தொழிலாகவே மதிக்கிறவர்கள், 2017-ல் யுனெஸ்கோ பட்டியலிலேயே அது ஏறிவிட்டது. அடுப்பின் தரை 380 முதல் 430 டிகிரி செல்சியஸ், கூரை 485 டிகிரி அளவில் இருக்க வேண்டும், உள்ளே போனது 60 முதல் 90 நொடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அடிப்பக்கம் வேகிறது தரைக்கல்லின் சூட்டில், மேல்பக்கம் வேகிறது செங்கல் கூரையிலிருந்து இறங்குகிற அனலில். கூட்டம் அதிகமாகி ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினால் தரை ஆறிப்போகும், கூரை ஆறாது. எங்கள் தட்டில் வந்தது அதுதான்: விளிம்பு கருகல், அடி பச்சை மாவு. ஐந்து நிமிஷம் அடுப்பைச் சும்மா விடுங்கள், தணலைக் கொஞ்ச நேரம் தரைமேல் பரப்புங்கள், கல் சூடேறிவிடும் என்று சொன்னேன். "சார், இத்தாலியில இப்படித்தான் சார் இருக்கும்" என்றார் அங்கிருந்தவர். இரும்பை உருக்கி ஊற்றுகிறவனிடம் அடுப்பைப் பற்றிச் சொல்கிறார்! வீட்டம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள், பிறந்தநாள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவதுதான் சாப்பாடு. மறுபடி முதல் கடைக்கே போனோம், அம்மாவே அங்கே போகலாம் என்றார். அந்தப் பையனைப் பார்க்க. எட்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் பதினொன்றுக்குத்தான் எழுந்தோம். ஒரு தட்டு முடிந்த பிறகுதான் அடுத்தது வரும், நடுவில் பேச்சுதான். நம்ம பந்தியில் முதல் வாய்க்குள் ரசம் வந்து நிற்குமே, அந்த அவசரமே கிடையாது. கடைசியில் திராமிசு, காபி டிகாக்ஷனில் நனைத்த பிஸ்கட்டும் க்ரீமும் அடுக்கடுக்காக, நல்ல கசப்பு. பில் வந்ததும் மகள், "இத்தாலில பொறந்தநாள்காரங்கதான் மத்தவங்களுக்கு வாங்கித் தருவாங்க, தெரியுமாம்மா?" என்றாள். வீட்டம்மா கைப்பையைத் திறந்து பணத்தை எடுத்து வைத்தாள், அது என்னிடம் வாங்கிய பணம் என்பது வேறு கதை.

அன்றைக்கு அம்மா, சமையல் செய்கிற தம்பியை அழைத்து, "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா சாமி, நாங்க எப்பிடிப் புழியறோம்னு பாரு" என்று சொல்லிவிட்டார். அவரும் வந்துவிட்டார். புழுங்கலரிசி மாவை அவித்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை, அதாவது நம்ம ஊர் இடியாப்பம், பிழிகிற அச்சில் போட்டு, அச்சின் காலை நான் பிடிக்க அந்தத் தம்பி திருகினார். தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றி நாலு தட்டு சாப்பிட்டார். அப்புறம் சொன்னார், வெனிஸ் பக்கத்தில் 'பிகோலி' என்று தடியான பாஸ்தா உண்டாம், அதையும் இதே மாதிரி அச்சில்தான் பிழிவார்களாம், ஆனால் அச்சை ஒரு பெஞ்சில் பொருத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு கைப்பிடியைச் சுற்றுவார்களாம்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "உக்காந்து சுத்தறாங்களா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் பட்டறைக்கே போன். "எனக்கொரு பெஞ்சு பண்ணிக் குடு."

போன வாரம்தான் வெல்டிங் முடிந்தது. உயரம் அரை அடி கூடிப்போய்விட்டது, அம்மாவுக்குக் கால் எட்டவில்லை. நாளைக்கு அறுக்கணும்ங்க.