உலகத்துக்கு முன்னால் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார்?

(திரையில்: அல்ஜீரியாவின் வரைபடம், கடற்கரையில் அன்னாபா நகரம்)

வணக்கம். உலகத்தைப் படைப்பதற்கு முன்னால் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் கேட்கிறார்கள். சுமார் 1600 வருஷங்களுக்கு முன்பே, வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ என்ற துறைமுக நகரத்தின் ஆயராக இருந்த அகுஸ்தீன் இந்தக் கேள்வியை எடுத்துப் பேசியிருக்கிறார். அந்த ஊர்தான் இன்றைய அன்னாபா.

அவர் காலத்தில் இதற்கு ஒரு நையாண்டிப் பதில் இருந்தது. "இப்படித் துருவிக் கேட்கிறவர்களுக்கு நரகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்" என்பார்களாம். அகுஸ்தீன் அந்தப் பதிலைக் குறிப்பிட்டுவிட்டு, நான் அப்படிச் சொல்லமாட்டேன் என்கிறார். ஆழமான ஒன்றைக் கேட்டவரைக் கேலிப்பொருளாக்குவதைவிட, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே மேல் என்பது அவர் எண்ணம். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

சரி, அவருடைய பதில் என்ன? காலமும் படைக்கப்பட்டதுதான் என்கிறார். கடவுள் கோடிக்கணக்கான வருஷங்கள் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் படைக்கத் தொடங்கினார் என்று நாம் கற்பனை செய்கிறோம். அந்தக் கோடி வருஷங்களை உண்டாக்கியது யார்? அதுவும் அவர்தானே! படைப்பே இல்லாத இடத்தில் காலமும் இல்லை. காலம் இல்லாத இடத்தில் "அப்போது என்ன செய்தார்" என்று கேட்க, "அப்போது" என்று ஒன்றுமே இல்லை. "கடவுளைப் படைத்தது யார்?" என்ற கேள்விக்கும் கிறிஸ்தவ மரபு இதே வழியில்தான் பதில் சொல்கிறது. தொடங்கியதற்குத்தான் தொடக்கி வைத்தவர் தேவை.

(திரையில்: சங்கீதம் 90, வசனம் 2)

இது தத்துவவாதிகள் கொண்டுவந்து நுழைத்த யோசனை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் மோசேயின் ஜெபம் என்ற தலைப்போடு வரும் 90-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள்: "பர்வதங்கள் தோன்றுமுன்னும், நீர் பூமியையும் உலகத்தையும் உருவாக்குமுன்னும், நீரே அநாதியாய் என்றென்றைக்கும் தேவனாயிருக்கிறீர்." மலைகளுக்கும் தொடக்கம் உண்டு, பூமிக்கும் உண்டு, அவருக்கு இல்லை. அதே சங்கீதத்தில் மனிதனுடைய ஆயுசு எழுபது வருஷம், பெலன் மிகுந்தால் எண்பது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அந்த ஜெபம் நடக்கிறது.

ஆனால் "தொடக்கமும் முடிவும் இல்லை" என்பதோடு நிறுத்திவிட்டால், கடவுள் நம்மைவிட ரொம்ப நாள் இருக்கிறவர் என்ற அளவில்தான் புரியும். அது போதாது. ஏன் போதாது என்று சொன்னவர் ஒரு கைதி.

(திரையில்: வட இத்தாலி, பாவியா)

போயத்தியுஸ் ரோமாபுரியின் பெரிய குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். 510-இல் கான்சல் என்ற உயர்ந்த ரோமப் பதவியை வகித்தார். பிறகு இத்தாலியை ஆண்ட கோத்திய அரசன் தியோடோரிக்கின் அரசவையில் உயர்ந்த அதிகாரியானார். அப்புறம் ராஜதுரோகக் குற்றச்சாட்டு வந்தது. பாவியாவில் காவலில் வைக்கப்பட்டு, 524 வாக்கில் கொல்லப்பட்டார். காவலில் இருந்தபோது எழுதிய நூலின் கடைசிப் பகுதியில்தான் நித்தியத்தைப் பற்றிப் பேசுகிறார். முடிவே இல்லாத வாழ்வை முழுமையாக, ஒரே சமயத்தில், குறைவில்லாமல் உடைமையாகக் கொண்டிருப்பதுதான் நித்தியம் என்கிறார்.

இதில் "ஒரே சமயத்தில்" என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் வாழ்வு துண்டு துண்டாகத்தான் நம் கைக்கு வருகிறது. நேற்றைய நாள் போய்விட்டது, நாளை இன்னும் வரவில்லை, இன்றைக்கும் இந்த நொடி மட்டுமே நம்மிடம் இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது தூக்கி வளர்த்த பாட்டியின் குரல் இப்போது நினைவில் மட்டுமே. சாகாமல் கோடி வருஷம் வாழ்ந்தாலும் இந்த நிலைமை மாறாது, இழந்துகொண்டே வாழ்வோம். அதனால்தான், உலகம் தொடக்கமோ முடிவோ இல்லாதது என்று வைத்துக்கொண்டால்கூட அதை நித்தியம் என்று சொல்ல முடியாது என்கிறார் போயத்தியுஸ். கடவுளுக்கு எதுவும் கைநழுவிப் போவதில்லை, எதற்காகவும் அவர் காத்திருப்பதும் இல்லை. சாவை எதிர்பார்த்து, ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இதை எழுதினார் என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இதே விளக்கம் இன்னொரு முடிச்சையும் அவிழ்க்கிறது. நான் நாளைக்கு என்ன செய்வேன் என்று கடவுளுக்கு இன்றைக்கே தெரியுமென்றால், எனக்குச் சுதந்திரம் எங்கே? ஒருவர் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன். நான் பார்ப்பதால் அவர் உட்காரவில்லை. அதுபோல, நமக்கு நாளை நடக்கப்போவதை, நடந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பார்ப்பதுபோலக் கடவுள் பார்க்கிறார், பார்ப்பது கட்டாயப்படுத்துவது ஆகாது என்கிறார் போயத்தியுஸ். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஓர் உவமை சொன்னார். சாலையில் நடக்கிறவனுக்குத் தனக்குப் பின்னால் வருகிறவர்கள் தெரிவதில்லை. உயரத்தில் நின்று பார்க்கிறவனுக்குச் சாலை முழுவதும், அதில் போகிற எல்லோரும் ஒரே பார்வையில் தெரிகிறார்கள்.

(திரையில்: கேள்விக்குறி மட்டும்)

இனி கடினமான பகுதி. உயரத்தில் நின்று பார்க்கிறவர் ஜெபத்துக்குப் பதில் சொல்வாரா? மனிதனை உண்டாக்கியதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று ஆதியாகமம் 6-இல் வாசிக்கிறோம். எகிப்தில் அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்தார் என்று யாத்திராகமம் சொல்கிறது. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று நடப்பதுதானே காலம்? 1975-இல் நிக்கோலஸ் வால்டர்ஸ்டார்ஃப் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் இதைத்தான் கேட்டார். அவரும் கிறிஸ்தவர், சீர்திருத்த சபை மரபில் வந்தவர். வேதாகமத்தின் கடவுள் முடிவில்லாதவர், ஆனால் காலத்துக்கு வெளியே இருப்பவர் அல்ல என்பது அவர் வாதம். 1981-இல் எலியனோர் ஸ்டம்ப், நார்மன் கிரெட்ஸ்மன் இருவரும் போயத்தியுஸின் பக்கம் நின்று, அவருடைய கருத்தை நவீன தத்துவ மொழியில் மறுபடி எடுத்து நிறுத்தினார்கள். இந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

நான் பழைய போதனையின் பக்கம் நிற்கிறேன். ஆனாலும் வால்டர்ஸ்டார்ஃபின் கேள்வியைத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. நித்தியம் என்பது தூரம் என்று யாராவது புரிந்துகொண்டால், அந்தப் புரிதல் தவறு என்று சுட்டிக்காட்ட அந்தக் கேள்வி தேவைப்படுகிறது. காலத்தின் எந்த நொடியும் கைநழுவிப் போகாதவர், எந்த நொடிக்கும் தள்ளியிருப்பவர் ஆகமாட்டார். எகிப்தின் கூக்குரலும் இன்றிரவு மருத்துவமனை வராந்தாவில் ஒரு தாய் செய்யும் ஜெபமும் அவர்முன் ஒன்றுபோலவே நிகழ்காலம்.

(திரையில்: நிசேயா, 325)

நித்தியத்தைப் பற்றிய இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பது 4-ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர், குமாரன் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது என்று போதித்தார். அவர் எண்ணத்தில் கிறிஸ்து படைப்புகளில் எல்லாம் உயர்ந்தவர், ஆனால் படைப்புதான். கேட்கப் பணிவாகத்தான் இருக்கிறது. 325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கம், அதாவது ஆயர்களின் பேரவை, அதை மறுத்தது. நிசேயா இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்ற ஊர்.

அந்தச் சங்கத்தின் முடிவுக்காக வாழ்நாள் முழுவதும் போராடியவர் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ். ஐந்து தடவை நாடுகடத்தப்பட்டார். அவருடைய வாதத்தில் இருதயம் இருக்கிறது. குமாரனுக்குத் தொடக்கம் உண்டென்றால், பிதா எப்போதும் பிதாவாக இருந்திருக்க முடியாது; பிற்பாடு ஏதோ ஒரு கட்டத்தில்தான் பிதாவாகியிருப்பார். அப்படியானால் அன்பு கடவுளுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று. அத்தனாசியுஸ் அதை ஏற்கவே இல்லை. கடவுள் என்றென்றும் பிதா, அதனால் குமாரனும் என்றென்றும் இருக்கிறார்.

முதல் கேள்விக்கும் இங்கே இன்னொரு பதில் கிடைக்கிறது. இயேசு ஜெபிக்கும்போது, உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தீர் என்று பிதாவிடம் சொல்வது யோவான் 17-இல் வருகிறது. உலகம் இல்லாதபோது கடவுள் தனிமையில் இருக்கவில்லை, நேசித்துக்கொண்டிருந்தார்.

381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு தொடர்புடைய விசுவாச அறிக்கையில், குமாரன் காலங்களுக்கெல்லாம் முன்பே பிதாவிடமிருந்து பிறந்தார் என்று வருகிறது. சில வரிகள் தள்ளி, அதே குமாரன் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டார் என்று வருகிறது. பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி. காலங்களுக்கு முற்பட்டவரைப் பற்றிய அறிக்கையில் ஓர் அதிகாரியின் பெயர்! கிறிஸ்தவர்கள் இதைச் சங்கடமாக நினைக்கவில்லை, ஆராதனையில் சேர்ந்தே சொல்கிறார்கள். கடவுள் தன்மையில் மாறாமலே, மனிதராக வயதும் பசியும் களைப்பும் சாவும் உள்ள வாழ்வை ஏற்றார் என்பதே அவர்கள் விசுவாசம்.

எருசலேம் தேவாலயத்தில் இயேசுவைப் பார்த்து, "உனக்கு இன்னும் ஐம்பது வயதாகவில்லையே, நீ ஆபிரகாமைக் கண்டாயோ?" என்று கேட்டார்கள். "ஆபிரகாம் உண்டாகிறதற்குமுன்னமே நான் இருக்கிறேன்" என்றார். கேட்டவர்கள் அவர்மேல் எறியக் கல்லை எடுத்தார்கள். அவர் என்ன சொல்கிறார் என்பது அவர்களுக்குத் தெளிவாகவே விளங்கியிருந்தது.