டெனாலிக்கு எந்த மாதம்?

நேயர்களுக்கு வணக்கம். அலாஸ்காவுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த மாதம் நல்லது?" என்றுதான். அலாஸ்கா முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. அதனால் டெனாலி தேசியப் பூங்காவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆகஸ்ட் கடைசி வாரம். அது முடியாவிட்டால் செப்டம்பர் முதல் வாரம்.

பெரும்பாலான குடும்பங்கள் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூன், ஜூலையில் போகின்றன. வெளிச்சத்துக்குக் குறைவில்லாத காலம் அது. ஜூன் 21ஆம் தேதி சூரியன் ஏறக்குறைய 21 மணி நேரம் வானத்தில் இருக்கும். மூஸ் என்ற பெரிய மான் இனத்தின் தாய்களைக் குட்டிகளோடு பார்க்கலாம். ஆனால் கொசு! கொசு நமக்குப் புதிதா என்று கேட்பீர்கள். நம் ஊர்க் கொசு அந்தியில் வந்து ஜன்னலைச் சாத்தினால் ஓரளவு அடங்கும். அங்கே அந்தியே கிடையாது, நண்பகலிலும் மொய்க்கும். காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. பல இடங்களில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். மேலே பனி உருகினால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. புல்லுக்கும் பாசிக்கும் நடுவே குட்டை குட்டையாகத் தேங்கிவிடும். அத்தனையும் கொசு முட்டை பொரிக்கும் இடம். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை தொல்லை உச்சத்தில் இருக்கும்.

அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். முகவலையை வெறும் தலையில் மாட்டாதீர்கள். விளிம்புள்ள தொப்பிக்கு மேல் மாட்டுங்கள். வலை கன்னத்தில் ஒட்டினால் வலைக்கு வெளியே இருந்தே கடித்துவிடும். உடம்பை ஒட்டிய லெகிங்ஸும் அப்படித்தான். கருப்பு, கருநீலம் வேண்டாம். அடர்நிறம் கொசுவை இழுக்கும். டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த பூச்சு நன்றாக வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பூசிய கையோடு மூக்குக்கண்ணாடியைத் தொடாதீர்கள். சாப்பிட உட்காருவதானால் மரநிழலைத் தேடாதீர்கள். ஆற்றின் சரளைக்கல் திட்டிலோ மேட்டின் முகட்டிலோ உட்காருங்கள். காற்று வீசும் இடத்தில் கொசு நிலைகொள்ளாது.

இப்போது ஆகஸ்ட் கடைசிக்கு வருகிறேன். இரவில் பனி விழத் தொடங்கியதும் கொசு வெகுவாகக் குறைந்துவிடும். மரம் வளராத மேட்டுநிலத்தைத் தண்டரா என்பார்கள். அங்கே முழங்கால் உயரத்துக்கு வளரும் குட்டை பிர்ச் செடி செம்பழுப்பாகும், வில்லோ மஞ்சளாகும். தரையோடு படரும் கரடிப்பழச் செடி குங்குமச் சிவப்பாகும். குனிந்து ஒரு இலையைப் பாருங்கள்: நரம்புகள் வலைபோல் பள்ளமாகவும், இடையிலுள்ள பகுதி புடைத்தும் இருக்கும். உயரத்தில் முதலில் நிறம் மாறும்; பிறகு நாளுக்கு நாள் கீழே இறங்கிவரும். அதே நாட்களில் சிகரங்களில் முதல் பனி மெல்லிய வெள்ளைத் தூளாகப் படியும். கோடை முடிந்தது என்ற பொருளில், அலாஸ்காக்காரர்கள் அதை 'முடிவுத் தூசி' என்பார்கள்.

விலங்குகளும் அப்போதுதான் வெளியே நிற்கும். அவுரிநெல்லி, அதாவது ப்ளூபெர்ரி, பழுத்திருக்கும். குளிர்காலத் தூக்கத்துக்குக் கொழுப்பு சேர்க்கும் கிரிஸ்லி கரடி நாள் முழுக்கச் சரிவில் மேயும். சிவப்புச் சரிவில் தேன்நிறக் கரடியைக் கண்டுபிடிப்பது எளிது. கரடிக்கும் உங்களுக்கும் குறைந்தது 275 மீட்டர் இடைவெளி வேண்டும். அது பூங்கா விதி. காரிபு மான்கள் கொம்பின் மெத்தைத்தோலை உரித்துக்கொண்டிருக்கும். ரத்தம் தோய்ந்த தோல் கொம்பில் தொங்குவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது காயமில்லை.

மழைதான் இந்த மாதத்தின் குறை. ஜூலையும் ஆகஸ்டும் அங்கே ஈரமான மாதங்கள். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயாது. உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளியோ செயற்கை இழையோ அணிந்து, மேலே மழைச்சட்டை போடுங்கள்.

பூங்காவுக்குப் பெயர் தந்த டெனாலி மலையைப் பற்றி ஒரு வார்த்தை. 6,190 மீட்டர் உயரம். தெற்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் மோதி மேலேறி மேகமாகிவிடுவதால், கோடையில் போகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் மலை தெரிகிறது. ஆகவே ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். மூன்று இரவாவது தங்குங்கள். அதிகாலைப் பேருந்தில் ஏறுங்கள். போகும்போது இடப்பக்க இருக்கை நல்லது. கோடையில் சொந்தக் கார் பூங்காச் சாலையில் 15ஆவது மைல் வரைதான் போகலாம், அதற்கு மேல் பேருந்து. 2021 ஆகஸ்டில் மண்சரிவால் 43ஆவது மைலுக்கு அப்பால் சாலையை மூடினார்கள். கிளம்புமுன் பேருந்து எதுவரை போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் சாப்பாடு விற்கமாட்டார்கள். தண்ணீரும் உணவும் கையில் இருக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், மூன்று இரவு.

நேரம் முடியப்போகிறது என்று சைகை வருகிறது; குளிர்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செப்டம்பர் நடுவில் பேருந்துகள் நின்றுவிடும். பூங்கா வாசலில் இருக்கும் விடுதிகளில் பெரும்பாலானவையும் மூடிவிடும். குளிர்காலத்தில் போவதானால் மார்ச் நல்லது. பகலும் இரவும் சமமாக இருக்கும், பனி கெட்டியாக இருக்கும், வடதுருவ ஒளி தெரிய வாய்ப்புண்டு. தங்க வடக்கே 18 கிலோமீட்டர் தள்ளி ஹீலி என்ற ஊர் இருக்கிறது. கார் எஞ்சினைச் சூடாக்கும் மின்கம்பி வண்டியில் இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வணக்கம்.