கூரை ஏன் வியர்க்குது? பரண்ல சொட்டுற தண்ணியோட கதை

[காட்சி: இருட்டான பரண். டார்ச் வெளிச்சம் மெதுவா மேல ஏறுது. கூரைப் பலகையில நீட்டிக்கிட்டிருக்கிற ஒவ்வொரு ஆணி முனையிலயும் ஒரு நீர்த்துளி.]

பத்து நாளா ஒரு பொட்டு மழை இல்லை. ஆனா பரண்ல ஏறிப் பார்த்தா கூரையோட உள்பக்கம் முழுக்க ஈரம். அட்டைப் பெட்டிகள் மேல சொட்டுச் சொட்டா கறை. உடனே நாம என்ன பண்றோம்? ஓடு எங்கேயோ விலகியிருக்குன்னு ஆளைக் கூப்பிடுறோம். அவரும் ரெண்டு ஓட்டை மாத்திட்டுப் போறார். அடுத்த குளிருக்கு மறுபடியும் அதே ஈரம்.

ஏன்னா அந்தத் தண்ணி வானத்துல இருந்து வரலை. கீழ இருந்து ஏறி வந்தது. நீங்க காலையில குளிச்ச சுடுதண்ணி, அடுப்புல கொதிச்ச குழம்பு, அறைக்குள்ள காயப்போட்ட துணி, ராத்திரி முழுக்க நீங்க விட்ட மூச்சு... எல்லாமே ஆவியா மேல போய் உட்கார்ந்திருக்கு.

பரண்னதும் சுவர்ல சாமான் ஏத்தி வைக்கிற பலகையை நினைச்சுக்காதீங்க. சாய்கூரை போட்ட வீட்டுல, மேல்மாடி சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல முக்கோணமா ஒரு இடம் இருக்குமே, லாஃப்ட், அட்டிக்னு சொல்றது, அதைத்தான் சொல்றேன். குளிர் ஊர்ல, உள்ள ஹீட்டர் ஓடுற வீடுகள்லதான் இந்தத் தொல்லை.

[காட்சி: ரெண்டு கண்ணாடிப் பெட்டி. ஒன்னுல 20 டிகிரி, இன்னொன்னுல 0 டிகிரி.]

கணக்கு ரொம்ப எளிது. 20 டிகிரி செல்சியஸ்ல ஒரு கன மீட்டர் காத்து சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில 5 கிராம்கூடத் தாங்காது. உங்க அறையில 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம்னு வைங்க. கன மீட்டருக்கு எட்டரை கிராம் மாதிரி ஆவி இருக்கு. அந்தக் காத்து சுமார் 9 டிகிரியில இருக்கிற எதையாவது தொட்டாலே போதும், துளி கட்ட ஆரம்பிச்சிடும். இந்த வெப்பநிலைக்குத்தான் பனிநிலைன்னு பேரு. குளிர் ராத்திரியில கூரைப் பலகை 9 டிகிரிக்குக் கீழ போறது சாதாரண விஷயம்.

மேகம் இல்லாத ராத்திரியில இன்னும் மோசம். கூரை தன்னோட சூட்டை நேரா வானத்துக்குக் கதிர்வீசி இழக்குது. அதனால வெளிக்காத்தை விடவும் கூரை அதிகமாக் குளிர்ந்துபோகும். புல்லு மேல பனி விழுற அதே காரணம்தான். ஆணி மட்டும் முதல்ல ஏன் நனையுது? அது இரும்பு. வெளிக்குளிரை அப்படியே உள்ள கடத்திக் கொண்டுவரும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நிறைய பேர் சொல்லுவாங்க, "முன்னாடி இப்படி இல்லீங்க, கண்ணாடிப் பஞ்சு கனமாப் போட்ட பிறகுதான் ஆரம்பிச்சுது"ன்னு. அவங்க சொல்றது சரி! சீலிங் மேல இந்தப் பஞ்சை, அதாவது சூட்டைத் தடுக்கிற கண்ணாடி இழை இன்சுலேஷனைப் போட்டா, வீட்டுச் சூடு கீழயே நிக்குது. பரண் முன்னைவிடக் குளிருது. ஆனா ஆவி மட்டும் பழையபடி ஓட்டை வழியா ஏறிக்கிட்டேதான் இருக்கு. பஞ்சு மேல தப்பில்லை. பஞ்சு போடுறதுக்கு முன்னாடி ஓட்டையை அடைக்காம விட்டதுதான் தப்பு.

இது ஒழுகலா, வியர்வையான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? மழை பெஞ்ச பிறகு, ஒரே இடத்துல, வட்டமா பழுப்புக் கறை விட்டா அது ஒழுகல். புகைபோக்கியை ஒட்டியோ, ரெண்டு கூரை சேருற மடிப்புலயோ பெரும்பாலும் இருக்கும். மழையே இல்லாம, குளிர்ந்த காலையில, கூரை முழுக்கப் பரவலா ஈரம்னா அது வியர்வை.

[காட்சி: பரண் கதவு. விளிம்புல ஒரு மெல்லிய காகிதத் துண்டு படபடக்குது.]

இப்ப ஓட்டைகளைத் தேடுவோம். சீலிங் பலகைக்குள்ள ஊறி மேல போற ஆவி கொஞ்சம்தான். காத்தோட சேர்ந்து இடுக்கு வழியாப் போறதுதான் பெரும்பங்கு. சூடான காத்து மேல ஏறும், இடுக்கு எங்கே இருக்கோ அங்கே புகுந்துடும். முதல் சந்தேகம் பரண் கதவு மேலதான். சுத்தி ஒரு காகிதத்தைப் பிடிச்சுப் பாருங்க, ஆடினா காத்து போகுது. சட்டத்துல ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டுங்க, கதவு மேல் பக்கத்துக்கும் இன்சுலேஷன் வைங்க. அப்புறம் குழாய், ஒயர் ஏறுற துளைகள். குளியலறைக் குழாய்க்கு ஒரு கை நுழையுற அளவுக்கு ஓட்டை போட்டுட்டு அப்படியே விட்டிருப்பாங்க. பஞ்சை விலக்கிப் பார்த்தாத்தான் தெரியும். சீலிங்ல பதிச்ச விளக்குகளும் அப்படித்தான். ஆனா அதை நேரடியாப் பஞ்சால மூடாதீங்க, சூடேறித் தீப்பிடிக்கலாம். அதுக்குன்னே தீ தாங்குற மூடி இருக்கு.

எல்லாத்தையும் விட எனக்குக் கோபம் வர்ற விஷயம் குளியலறை ஃபேன். ஈரக் காத்தை வெளிய தள்ளத்தான் அதை மாட்டுறோம். ஆனா குழாய் பரணுக்குள்ளயே முடிஞ்சிருக்கும்! சில வீட்டுல வெளி வரைக்கும் போன குழாய் கழண்டு பஞ்சு மேல கிடக்கும். ஃபேனைப் போடப் போட, பரணுக்கு நீங்களே நீராவி ஊட்டுறீங்க. குழாய் சுவர் வழியாவோ கூரை வழியாவோ முழுசா வெளிய போகணும். அதைச் சுத்தியும் இன்சுலேஷன் வேணும், இல்லைன்னா ஆவி குழாய்க்குள்ளயே தண்ணியாகி ஃபேன் வழியாத் திரும்பச் சொட்டும். சுவர் வழியாப் போற குழாய்னா வெளிப்பக்கம் லேசாச் சாய்ஞ்சிருக்கணும்.

பரண்ல தண்ணித் தொட்டி இருந்தா மூடி இருக்கான்னும் பாருங்க.

கீழ ஆவியையே குறைக்கிறதும் பாதி வைத்தியம். கேஸ் அடுப்பு எரியும்போதே நீராவி உண்டாகும், பாத்திரத்துல தண்ணியே இல்லைன்னாலும்! ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா 1.5 கிலோவுக்கு மேல தண்ணி ஆவியா வருது. சமைக்கும்போது ஃபேன் போடுங்க. துணியை முடிஞ்சா வெளிய காயப்போடுங்க.

[காட்சி: கூரை விளிம்பு. பஞ்சு இடுக்கு வரைக்கும் திணிச்சிருக்கு.]

இவ்வளவு அடைச்ச பிறகும் கொஞ்சம் ஆவி ஏறத்தான் செய்யும். அது வெளியேறக் காத்தோட்டம் வேணும். சுவரைத் தாண்டி நீட்டிக்கிட்டிருக்கிற கூரை விளிம்புல வெளிக்காத்து நுழையுற இடுக்கு இருக்கும். "குளிர் வருதே"ன்னு அதுல துணியைத் திணிக்கிறவங்க உண்டு. தயவுசெஞ்சு வேண்டாம். பரண் குளிராத்தான் இருக்கணும். சூடு வேண்டியது உங்க அறைக்கு. பஞ்சு விளிம்பு வரைக்கும் போய் வழியை அடைச்சிருந்தா இழுத்து விடுங்க. பஞ்சுக்கும் கூரைக்கும் நடுவுல குறைஞ்சது 25 மில்லிமீட்டராவது காத்து ஓடணும். பெட்டிகளையும் ஓரத்துல முட்டி அடுக்காதீங்க.

பரண்ல ஹீட்டர் வைக்கலாமான்னு கேட்பீங்க. காசு கூரை வழியாப் போகும், அவ்வளவுதான். ஈரம் உறிஞ்சுற மெஷினும் அப்படியே. காத்தோட்டம் உள்ள பரண்ல அது ஊர்க் காத்தையெல்லாம் காய வைக்கப் பார்க்கும்.

புது வீடுன்னா ரொம்பப் பயப்படாதீங்க. கட்டுமானத்துல இருந்த சிமெண்ட் ஈரமும் பூச்சு ஈரமும் காயுறதால முதல் குளிர்காலத்துல கூரை நனையலாம். பழைய வீட்டுல ஈர மீட்டரை மரத்துல குத்தி 20 சதவீதத்துக்கு மேல காட்டினா, அது தொடர்ந்தும் இறங்கலைன்னா, தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அந்த ஈரத்துல மரம் உளுத்துப்போகும்.

மேல ஏறும்போது மரச்சட்டத்து மேல மட்டும் கால் வைங்க, சீலிங் பலகை உங்க எடையைத் தாங்காது. முகக்கவசமும் கையுறையும் போடுங்க. பழைய வீட்டுல பஞ்சுக்குப் பதிலா பளபளன்னு சின்னக் கூழாங்கல் மாதிரி கொட்டியிருந்தா அது வெர்மிகுலைட்டா இருக்கலாம், அதுல மூச்சோட போனா நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கலாம். சோதிக்காமத் தொடாதீங்க.

அடைச்சு முடிச்சதும், அடுத்து வானம் தெளிஞ்சு குளிர்ற ஒரு காலையில டார்ச்சோட மறுபடி ஏறுங்க. ஆணி முனைகளைப் பாருங்க. எல்லாம் காய்ஞ்சு, ஒரு மூலையில மட்டும் துளி தொங்கினா, அதுக்கு நேர் கீழ பஞ்சை விலக்குங்க. நீங்க தவறவிட்ட ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.