சுவருக்குக் கடுக்காய் கொடுத்தால் என்ன ஆகும்? சென்ட்ரல் எதிரே ஒரு பழைய டவுன் ஹால்

[காட்சி: பூந்தமல்லி நெடுஞ்சாலை, பஸ் நெரிசல். பின்னால் செங்கல் நிறக் கோபுரம்.]

சென்ட்ரலில் ரயிலைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் இந்தக் கட்டடத்தை எத்தனை முறை கடந்திருப்பீர்கள்? பக்கத்து ரிப்பன் மாளிகையைப் படம் எடுப்பவர்கள்கூட இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். விக்டோரியா பொது அரங்கம். அந்தக் காலத்து மக்களுக்கு டவுன் ஹால்.

[பழைய படங்கள் வேகமாக ஓடுகின்றன.]

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வரைந்தவர் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார், காலம் 1880களின் கடைசி. 1897-இல் விவேகானந்தர் இங்கே பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இங்கே நாடகம் போட்டது. வக்கீல்களும் படித்தவர்களும் அரிதாரம் பூசி மேடையேறியது அன்று பெரிய அதிசயம்!

இந்த அரங்கத்துக்காக மாநகராட்சி 57 கிரவுண்டு நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. குத்தகை எவ்வளவு தெரியுமா? கிரவுண்டுக்கு எட்டணா! இன்று அந்தப் பக்கம் வண்டி நிறுத்தவே அதைவிட அதிகம் கேட்பார்கள். இந்த எட்டணாவை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

[காட்சி: காரை உதிர்ந்த சுவர், அருகிலிருந்து.]

இப்போது எனக்குப் பிடித்த இடம். பழைய அரங்கைப் புதுப்பிக்கிறோம் என்றதும் பலர் முதலில் செய்வது, சிமென்ட் மூட்டையைப் பிரிப்பது. அங்கேதான் வினை. அந்தக் காலத்துச் செங்கல் சுவர் சுண்ணாம்புக் காரையில் நிற்பது. மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால்? சித்திரை வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு பாரிமுனை வரை நடந்து பாருங்கள், சுவரின் நிலைமை புரியும். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, அதை உள்ளிருந்து பொடியாக்கும். வெளியே பூச்சு பளபளப்பாக இருக்கும். தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வரும்.

நம் ஊர்க் கொத்தனார்களின் கைமருந்து வேறு. நீர்த்த சுண்ணாம்பு, மணல், அதோடு கடுக்காய் ஊறிய நீர், வெல்லம். பாயசம் இல்லை, சுவர்ப்பூச்சுதான்! காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அந்தச் சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. ஒருவரை ஏமாற்றினால் 'கடுக்காய் கொடுத்துவிட்டான்' என்போம். சுவர் விஷயத்தில் எல்லாம் தலைகீழ்: கடுக்காய் கொடுக்காமல் சிமென்ட் பூசுவதுதான் சுவருக்குக் கொடுக்கிற கடுக்காய். இந்த வாக்கியம் பிடித்திருந்தால் ஒரு விருப்பக்குறி போடுங்கள், இரண்டு நாள் யோசித்தேன்.

கூரையும் அப்படித்தான். தேக்கு உத்திரங்கள்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக, கோணலாக அடுக்கிக் காரை போடும் மெட்ராஸ் டெரஸ். செய்யத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. செலவு ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

[காட்சி: சாரம் கட்டிய கோபுரம்.]

சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் இந்த அரங்குக்கு மாநகராட்சி ஒதுக்கிய தொகை 32.62 கோடி ரூபாய். செலவழிக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. என் கவலை வாடகைச் சீட்டில் இருக்கிறது. கட்டணம் கல்யாண மண்டபத்து அளவுக்குப் போனால் உள்ளே வருவது நிறுவன விழாக்களும் பூங்கொத்து மேடைகளும்தான். தெருக்கூத்துக் குழுவும் பறையிசைக் குழுவும் வெளியே நின்று கோபுரத்தைப் பார்க்க வேண்டியதுதான். வாரநாள் மாலைகளையாவது சிறு குழுக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கலாம். நடிப்பவர்கள் உடை மாற்ற ஓர் அறை, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். வண்டி நிறுத்தம் இல்லையே என்று தயவுசெய்து கேட்காதீர்கள். காலடியில் மெட்ரோ ஓடுகிறது!

இந்த மேடையில் முதலில் யார் ஏறவேண்டும் என்று கீழே எழுதுங்கள். வாடகையை மட்டும் பழைய கணக்கில் கேட்டால் நான் தயார்.

[காட்சி: உள்ளங்கையில் 57 ஐம்பது பைசா நாணயங்கள்.]