நம்ம ஊர் குழுவுக்கு ஒரு திண்ணை

[காட்சி: சாயங்காலம். முக்கூடல் பக்கம் ஒரு தெரு. திண்ணையில் நாலைந்து பெண்கள்.]

வணக்கம். இந்தத் திண்ணையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஆளுக்கொரு சுளகு மடியில். அதில் வெட்டிய பீடி இலை, தூள், நூல். கை தன்பாட்டுக்குச் சுற்றுகிறது, வாய் சும்மா இருக்கிறது, பேச்சு வருகிறது. "என்ன மதினி, சோறு பொங்கியாச்சா?" என்கிறாள் ஒருத்தி. ஓரத்தில் இருப்பவள் அரை மணி நேரம் வாயே திறக்காமல் சுற்றிவிட்டு எழுந்து போகிறாள். ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

[காட்சி: கைபேசித் திரை.]

இது நம் ஊர் வாட்ஸ்அப் குழு. பாதிப் பேர் நெல்லையில், மீதிப் பேர் சென்னை, திருப்பூர், துபாய் என்று கிடக்கிறோம். காலை வணக்கப் படம் வரும், துக்கச் செய்தி வரும், கோயில் கொடைக்கு வரி கேட்டு வரும். அப்புறம் பேச்சே இருக்காது.

ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989இல் எழுதிய புத்தகத்தில் 'மூன்றாம் இடம்' பற்றிச் சொன்னார். வீடு ஒன்று, வேலை பார்க்கும் இடம் இன்னொன்று. இரண்டும் இல்லாமல் சும்மா போய் உட்கார ஓர் இடம் வேண்டும்: டீக்கடை, சலூன், நமக்குப் படித்துறை. யாரும் கூப்பிட வேண்டாம், நினைத்தபோது வரலாம், போகலாம்.

இதை இணையத்தில் எப்படி அமைப்பது? நான் முதலில் வீடியோ கூட்டம் போட்டேன். வரவேற்புரை எல்லாம் வைத்து, 40 பேர் வந்தார்கள். ஒருவர் பேச, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் பாதிப் பேர் இல்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. கலகலப்பான பேச்சில் சாதாரணமாக 4 பேர் வரைதான் சேர்ந்திருப்பார்கள் என்று ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் குழுவினர் 1995இல் எழுதினார்கள். ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சு தானாகப் பிரிந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில் பாருங்கள், ஒரே வரிசையில் எத்தனை கதை ஓடுகிறது! வீடியோ கூட்டத்தில் அப்படிப் பிரிய வழி இல்லை.

அதனால் குரல் அறைக்கு மாறினோம்: எப்போதும் திறந்திருக்கும், நுழைந்ததும் குரலில் பேசலாம். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் இது 2015 முதலே இருக்கிறது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று நுழையும் முன்பே தெரியும். தெருவில் போகும்போதே திண்ணையில் யார் என்று தெரிகிற மாதிரி. இரண்டு மூன்று அறைகள் திறந்து வைத்தால் கூட்டம் சேரும்போது பிரிந்துகொள்ளலாம். பெரியவர்களுக்குப் புதுச் செயலி தொல்லை என்றால் வாட்ஸ்அப் குழுவிலேயே குரல் அரட்டை உண்டு. குழு அழைப்பு மாதிரி எல்லோர் கைபேசியும் அலறாது.

நேரம் மட்டும் மாறக் கூடாது. நாங்கள் சனிக்கிழமை இரவு 9 மணி வைத்தோம். துபாயில் அப்போது 7.30. கேமரா வேண்டாம். கையில் வேலையோடு வரச் சொன்னோம்: பூக் கட்டுங்கள், துணி மடியுங்கள், பூண்டு உரியுங்கள். பேசாமல் இருப்பவரை "ஏன் பேசவில்லை?" என்று கேட்கவே கேட்காதீர்கள். பதிவு செய்யக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பயம் இருந்தால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்த் திண்ணைகளில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை. யார் மேலே உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அதை இங்கே கொண்டுவரக் கூடாது. சாதியைத் தொட்டுக் குத்தலாக ஒரு சொல் வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பொறுப்பில் இருப்பவரின் முக்கியமான வேலையே இதுதான்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு: முதல் ஆளாக வந்து உட்கார்வது. முதல் மூன்று சனிக்கிழமை நானும் பக்கத்து வீட்டு அக்காவும் மட்டும்தான் இருந்தோம். நாலாவது வாரம் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். துபாயிலிருந்து ஒரு தம்பி நுழைந்தான். ரொம்ப நேரம் சத்தமே இல்லை, அவன் அறை மின்விசிறிச் சத்தம் மட்டும். திடீரென்று கேட்டான்: "எக்கா, பாபநாசம் அணையில தண்ணி எத்தனை அடி கிடக்கு?"

அன்றைக்குப் படுக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது.