ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்

நேயர்களுக்கு வணக்கம். வாசலில் காகித நட்சத்திரம் கட்டுகிற மாதம் இது. பண்ருட்டியிலிருந்து கடலூர் வரும் வழியில் நிறைய வீடுகளில் கட்டியாகிவிட்டது. கிறிஸ்தவ வாழ்வில் சந்தோஷம் என்பதைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். பல வருடமாக நான் மனசில் வைத்திருக்கிற விஷயம். தமிழாசிரியராக இருந்தவன், அதனால் கொஞ்சம் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்." பைபிளில், பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதத்தில், 4-ஆம் அதிகாரத்தில் வருகிறது. சந்தோஷமாயிருங்கள் என்பது ஏவல் வினை. வா, உட்கார், படி என்பது போல. ஒருவரால் செய்ய முடிந்ததைத்தான் அவரிடம் ஏவ முடியும். பிள்ளையிடம் ‘உயரமாக வளர்’ என்று யாராவது சொல்வோமா? ‘சாப்பிடு’ என்றுதான் சொல்வோம். வளர்வது தானாக நடக்கும்; சாப்பிடுவது அவன் கையில் இருக்கிறது. அப்படியானால் சந்தோஷமும் ஏதோ ஒரு விதத்தில் நம் கையில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதை எழுதியவர் அப்போது சிறையில் கட்டுண்டு கிடந்தார். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

நம்மில் பலர் சந்தோஷத்தை மழை மாதிரி நினைக்கிறோம். வந்தால் நனையலாம், வராவிட்டால் காத்திருக்கலாம். நான் முந்திரிக்காட்டு ஊர்க்காரன். எனக்கு அது மழையாகத் தெரியவில்லை, நட்டு வளர்க்கிற மரக்கன்றாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. கடலூர், புதுவைப் பக்கத்து நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. என் பெரியம்மாவுக்கு இரண்டு ஏக்கர் முந்திரி. அவர் மாமனார் காலத்து மரங்கள். இன்னும் ஒரு மாதத்தில் பூவெடுத்திருக்கும். ஒன்றுகூட நிற்கவில்லை.

மறுநாள் ராத்திரி வருஷப் பிறப்பு ஆராதனை. கோயில் ஓட்டில் பாதி பறந்துபோயிருந்தது. கரண்டு இல்லை. அரிக்கேன் விளக்கு இரண்டு, மெழுகுவத்தி கொஞ்சம். பாட்டுப் புத்தகமெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டதால், தெரிந்த வரிகளைத்தான் பாடினோம். கடவுள் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று போதகர் சொன்னார். வழக்கமாக முண்டியடிப்பவர்கள்கூட அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. பெரியம்மா எழுந்தார். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்துப்போன விரல்கள். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன வருஷம் இதே ராத்திரி, மரத்துக்காக நன்றி சொன்னேன். இப்ப மரம் இல்ல. நன்றியை வாங்கிக்கிறவரு இருக்காரு."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லும்போதே அழுதார். அழுதுகொண்டே ஒரு கீர்த்தனையை எடுத்துக் கொடுத்தார். சுருதி சேரவில்லை, ஆனால் எல்லாரும் சேர்ந்து பாடினோம். எனக்கு ஆபகூக் தீர்க்கதரிசி ஞாபகம் வந்தார். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், திராட்சச்செடி காய்க்காவிட்டாலும், கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று எழுதிவைத்தவர். அந்த வசனத்தில் அத்தி இருக்கிற இடத்தில் முந்திரியை வைத்து அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன்.

அழுகையும் சந்தோஷமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் நம் சபைகளில் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, அழுகிறவரைப் பார்த்து ‘விசுவாசம் இல்லையா?’ என்று கேட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். இறந்துபோன நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசுவே கண்ணீர் விட்டார்.

சரி, கன்றுக்கு வருகிறேன். அடுத்த மழைக்குப் பெரியம்மா ஒட்டுக்கன்று வாங்கி நட்டார். ஒட்டு முந்திரி மூன்றாம் வருஷம் காய்ப்புக்கு வரும். அதுவரை வெறும் பாடுதான். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பழைய மரத்தை நெனச்சு அழுதுகிட்டேதான்டா ஊத்துவேன். அழுதா என்ன, கன்னு தண்ணியக் குடிச்சுக்கும்."

ஒட்டுக்கன்று வைத்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். ஒட்டுக்குக் கீழே, அதாவது நல்ல கிளையை ஒட்டிய இடத்துக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து ஒரு துளிர் கிளம்பும். பார்க்கப் பச்சையாக, செழிப்பாகத்தான் இருக்கும். விட்டால் சத்தையெல்லாம் அது இழுத்துக்கொண்டு ஒட்டைக் கொன்றுவிடும். வாரா வாரம் குனிந்து பார்த்துக் கிள்ள வேண்டும். நமக்குள் அந்தத் துளிர்தான் முறுமுறுப்பு. மாமியார் சொன்ன சொல், கல்யாணத்துக்கு அழைக்காத உறவு, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய வண்டி, இப்படி ஒவ்வொன்றும் ஒரு துளிர். அதே பிலிப்பியர் கடிதத்தில், எதையும் முறுமுறுப்பில்லாமல் செய்யுங்கள் என்றும் பவுல் எழுதியிருக்கிறார். சந்தோஷமாயிருங்கள் என்பதற்கு இரண்டு அதிகாரம் முன்னாலேயே. முதலில் கிள்ளச் சொல்கிறார், அப்புறம்தான் காய்க்கச் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். ‘எல்லா நன்மைகளுக்காகவும்’ என்று பொதுவாகச் சொன்னால் செல்லாது. அன்றைக்கு நடந்தது ஒன்றாக இருக்க வேண்டும். என் பேத்தி ஒருநாள், பள்ளிக்கூடத்தில் தொலைந்த ரப்பர் கிடைத்ததற்கு நன்றி சொன்னாள். அது நல்ல ஜெபம். இப்படிப் பகலில் நடந்ததைத் தேடித் தேடிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால், கண்ணில் படுவதே மாறிவிடுகிறது.

தனியாக வாழ்கிறவர்களைப் பற்றி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க வானொலியைத் துணையாக வைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களைப் பற்றி, இன்னும் விரிவாகப் பேச வைத்திருந்தேன். நேரம் ஒரு நிமிடம்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாய்விட்டுப் பாடுங்கள். குரல் போய்விட்டது என்று தயங்க வேண்டாம். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் பவுலும் அவரோடு ஊழியம் செய்த சீலாவும் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. உங்கள் சுவருக்கு அந்தப் பக்கமும் யாராவது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நன்றி. வணக்கம்.